பெரம்மை

“பெ... ர... ம்... மை. பெரம்மை.”

என் சின்ன மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கடை மேசையில் கிடந்த ஒரு நோட்டீஸைப் பார்த்து இப்படிப் படித்தாள். ஒரு பொம்மைக் கடைத் திறப்பு விழாவுக்காக நான் அடித்துக் கொடுத்தது அது. ‘பொம்மை’ என்ற சொல் கொட்டை எழுத்தில் நடுவில் இருந்தது, பக்கத்திலேயே கரடி பொம்மை படம். படத்தைப் பார்த்திருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாள். எழுத்தைப் பார்த்துப் படி என்று சொன்னது நான்தான். அவளும் விரல் வைத்து, ஒன்றையும் விடாமல் படித்தாள். ஒன்றையும் விடாமல் படித்ததால்தான் அந்தத் தப்பு வந்தது என்று எனக்குப் புரிய இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது.

திண்டுக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ், கோர்ட் மனு என்று பத்தொன்பது வருஷமாகத் தமிழ் எழுத்தோடுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பள்ளியிலிருந்து டைரியில் ‘கவனமின்மை’ என்றும் ‘வீட்டில் படிக்க வைக்கவும்’ என்றும் எழுதி அனுப்புவார்கள். படிக்க வைத்தோம். என் மனைவி தினமும் ராத்திரி ஒன்பதரை வரை பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்வதை எழுதுதல் இருக்கும் நாளில் காலையிலேயே பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். இரண்டு முறை நான் கை ஓங்கி அடித்திருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் மற்றதை எழுதுவது சரியில்லை.

கடைசியில் மதுரையில் ஓர் உளவியலாளரிடம் கூட்டிப் போனோம். மூன்று நாள் வரவழைத்துச் சோதித்துவிட்டு, கற்றல் குறைபாடு, அதிலும் வாசிப்பில் வருகிற டிஸ்லெக்சியா என்று சொன்னார். “கண் நல்லா இருக்கு, புத்தி நல்லா இருக்கு. எழுத்தைப் பாத்து ஒலியா மாத்துற வேலைதான் இவளுக்குச் சிரமம். அந்த வேலையிலயே சக்தி எல்லாம் போயிருது, அர்த்தத்துக்கு மிச்சம் இல்ல” என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது நானும் என் மனைவியும் பேசிக்கொள்ளவே இல்லை. பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, வாடிப்பட்டி தாண்டும் வரை அவள் அப்பத்தா சொன்ன கதை ஒன்றை ஒரு வார்த்தை பிசகாமல் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவன் பெர்சி என்ற பையன். இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 1896-இல் ஒரு மருத்துவ இதழில் அவனைப் பற்றி எழுதினார். 14 வயது, சூட்டிகையான பையன், விளையாட்டில் கெட்டி. ஆனால் வாசிக்க வராது. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. பாடத்தை வாய்மொழியாக மாற்றித் தர அன்றைக்கு அந்தப் பையனுக்கு யார் இருந்தார்கள்? என் சட்டைப் பையில் அதைச் செய்கிற சாமான் ஒன்று இருந்தது. அதை வைத்து நான் வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. பாடத்தை நானே வாசித்துப் போனில் ரெக்கார்ட் செய்தேன். இரண்டு முறை கேட்டாலே அவளுக்குப் பாடம் மனப்பாடம் ஆகிவிடும். கேள்வி கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் புத்தகத்தை விரித்தால் பழைய கதைதான். காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று இருந்தது. என் குரல் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று அவளால் பக்கத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம்தான் ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போய்ப் பார்த்தேன். அதில் ‘செலக்ட் டு ஸ்பீக்’ என்று ஒன்று இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தைத் தொட்டால் வாசிக்கும், வாசிக்கிற சொல்லை அப்போதைக்கப்போது நிறம் போட்டுக் காட்டும், வேகத்தைக் குறைக்கலாம். தமிழ்க் குரலும் உண்டு. காசு கிடையாது. என் போனில் அது எத்தனையோ நாளாக இருந்திருக்கிறது. நிறம் நகர நகர அவள் கண்ணும் கூடவே நகர்வதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காதும் கண்ணும் ஒரே சொல்லில் சேர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

சிக்கல் அடுத்த நாளே வந்தது. நான் இறக்கி வைத்திருந்த பாடத்தின் பிடிஎஃப்பை வாசிக்கச் சொன்னால் போன் என்னவோ உளறியது. எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது, ஏனென்றால் நானே பத்து வருஷம் அப்படித்தான் கோப்பு தயாரித்தேன். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் தனி எண் தருகிற முறைதான் யூனிகோடு. அதற்கு முந்தைய எழுத்துருக்களில், பார்க்க ‘த’ போல இருப்பது கம்ப்யூட்டருக்குள் ஓர் ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். அச்சடிக்க அது போதும். வாசிக்கச் சொன்னால் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்தையும் அரைப்புள்ளியையும்தான் அது வாசிக்கும். அப்படிப்பட்ட பக்கங்களைப் படம் பிடித்து, கூகுள் லென்ஸ் மூலம் எழுத்தாக்கி, அதைத் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

அந்தத் திருத்தம் செய்யும்போதுதான் ‘பெரம்மை’ எனக்குத் திரும்பக் கிடைத்தது. படத்திலிருந்து வந்த எழுத்தில் துணைக்கால் வரவேண்டிய இடத்தில் அங்கங்கே ‘ர’ வந்திருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். போன் எந்த இடத்தில் தடுமாறியதோ அதே இடத்தில்தான் என் மகளும் தடுமாறியிருக்கிறாள். போனை நான் அடிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, என்னைப் போலத் தட்டச்சு படித்தவர்களுக்கு இது கைக்கே தெரியும். தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதியவர்கள் ‘பொ’ அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ‘ப’, அப்புறம் துணைக்கால் என்று மூன்று சாவி தட்டுவார்கள். தாளில் இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அந்த வரிசை. யூனிகோடில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ‘ப’ தட்டி ‘ஒ’ தட்டினால் போதும், கொம்பும் காலும் தானாகப் போய் இரண்டு பக்கமும் உட்காரும். அதாவது, வாய் சொல்கிற வரிசை. கை இந்த இரண்டு வரிசையையும் பழகிக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

என் மகள் தாளில் பார்ப்பது முதல் வரிசை, வாயால் சொல்ல வேண்டியது இரண்டாவது வரிசை. கொம்பைப் பார்த்ததும் ஒலி எதுவும் சொல்லக்கூடாது, மனதில் பிடித்துவைத்துக் காத்திருக்க வேண்டும். ‘ப’ வந்ததும் ‘பெ’ என்று சேர்க்க வேண்டும். சரி என்று அதை முடிப்பதற்குள் பின்னாலேயே கால் வந்து, அது ‘பெ’ இல்லை ‘பொ’ என்று மாற்றிவிடும். ‘மை’யிலும் முதலில் நிற்பது இணைக்கொம்புதான். நமக்கெல்லாம் இது ஒரே பார்வையில் நடந்துவிடுகிறது. அவள் ஒவ்வொரு முறையும் இந்த வேலையை முதலிலிருந்து செய்கிறாள். பெரியார் 1935-இல் தன் குடியரசு இதழில் கையாண்டு, 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா எழுத்துகளின் பழைய சுழி வடிவங்கள் போய் எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால் வந்தது. அது இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

மதுரையில் சனிக்கிழமைதோறும் பாடம் எடுக்கும் சிறப்பாசிரியரிடம் இதைச் சொன்னேன். “அப்போ கொம்புக்கும் காலுக்கும் ஒரே கலர் குடுத்துப் பாருங்க சார்” என்றார். கடைக்கு வந்து முயன்றேன். யூனிகோடில் ‘பொ’ ஒட்டிய ஒரே எழுத்து, கொம்புக்கு மட்டும் தனியாக நிறம் கொடுக்க முடியவில்லை. ஆனால் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில், பழைய எழுத்துருவில் கொம்பு, ‘ப’, கால் மூன்றும் தனித்தனி எழுத்துகள். கொம்புக்கும் காலுக்கும் சிவப்பு, நடுவில் ‘ப’ கறுப்பு. ஒரு பக்கத்துக்கு இருபது சொல் வீதம் படமாக்கிப் போனில் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் மாலையிலேயே, “இது ரெண்டும் ஒரே ஆளாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் பாப்பா, ஒரே ஆளுதான், ரெண்டு பக்கமும் கை நீட்டி நிக்கிறாரு என்றேன். கொக்கு, கோழி, தொப்பி, சோறு என்று அன்று ராத்திரி முழுக்கத் தேடித் தேடி அந்த ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். இப்படியாக, போன் வாசிக்க முடியாத அந்தப் பழைய எழுத்துரு நிறத்துக்கு உதவியது, யூனிகோடு குரலுக்கு உதவியது. இரண்டும் சேர்ந்துதான் எங்களுக்குப் பலன் தந்தன.

இதற்கப்புறம்தான் நான் பக்கத்தைப் பற்றியே வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். என் தொழிலில் நல்ல பக்கம் என்றால் இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும், காகிதம் வீணாகக்கூடாது, எழுத்து நெருக்கமாக இருக்க வேண்டும். வரி முடிவில் சொல் எங்கே வேண்டுமானாலும் உடையும், ‘வந்துகொண்’ இந்த வரியில், ‘டிருந்தாள்’ அடுத்த வரியில். பிரிட்டனில் உள்ள டிஸ்லெக்சியா சங்கத்தின் அச்சுப் பரிந்துரையைப் படித்தபோது ஒவ்வொன்றும் நான் செய்வதற்கு நேர்மாறாக இருந்தது. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும், வலது ஓரத்தை இழுத்துக் கட்டாதே. 12 முதல் 14 பாயிண்ட் எழுத்து. வரிக்கு வரி ஒன்றரை மடங்கு இடைவெளி. வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் போன்ற பின்னணி. எழுத்துகளுக்கு நடுவே காற்று.

அந்தக் காற்றுக்கு ஆதாரம் உண்டு. 2012-இல் இத்தாலியிலும் பிரான்சிலும் டிஸ்லெக்சியா உள்ள 74 குழந்தைகளிடம் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிப் பார்த்தபோது, பயிற்சி எதுவும் இல்லாமலே வாசிப்புப் பிழை ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. நானும் பேஜ்மேக்கரில் இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன். தமிழில் அது கெடுதலாகத்தான் முடிந்தது, கொம்பு ஓரிடம், ‘ப’ ஓரிடம், கால் ஓரிடம் என்று ஆளே பிரிந்துபோனார். யூனிகோடு எழுத்தை மின்நூலாக்கி, போனில் மின்நூல் வாசிக்கும் செயலியில் இடைவெளியைக் கூட்டினால் ‘பொ’ ஒரே கட்டாக நிற்கிறது, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் மட்டும் இடம் விழுகிறது. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது வரியின் நீளம். டிஸ்லெக்சியாவோடு வாழ்ந்த மேத்யூ ஷ்னெப்ஸ் என்ற விஞ்ஞானி 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில், இத்தகைய பிள்ளைகளுக்காகவே நடக்கும் லேண்ட்மார்க் பள்ளியின் 103 மாணவர்களை, தாளிலும், வரிக்கு இரண்டு மூன்று சொல் மட்டும் வருகிற ஒரு சின்னக் கையடக்கத் திரையிலும் வாசிக்க வைத்தார்கள். வாசிப்பில் அதிகம் சிரமப்பட்ட பிள்ளைகள் சின்னத் திரையில் வேகமாக வாசித்தார்கள். பார்வைக் கவனம் ஒரு நேரத்தில் சில எழுத்துக்குமேல் தாங்காத பிள்ளைகளுக்குப் புரிதலும் கூடியது. சின்னத் திரை கண்ணுக்குக் கெடுதல் என்று என் அம்மா சொல்லிக்கொண்டிருந்த அதே சின்னத் திரை! சுற்றியிருக்கிற கூட்டம் குறைந்தால் கண் தவறிப்போகாது என்பதுதான் விஷயம்.

தமிழுக்கு இதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல் திரையை அடைத்துக்கொள்ளும் மொழி நம்முடையது. எனவே நீளமான சொற்களைப் பிரித்துப் போட்டேன். ‘விளையாடிக் கொண்டு இருந்தவர்களுக்கு எல்லாம்’. தமிழாசிரியர் பார்த்தால் கோபப்படுவார் என்று பயமாகவே இருந்தது. மதுரை டீச்சர்தான், “முதல்ல பிரிச்சுக் குடுங்க, பழகினப்புறம் நாமளே சேத்துக்கலாம்” என்று தைரியம் சொன்னார். இன்னொரு சிரமத்தையும் அவர்தான் காட்டினார். பிள்ளை பேசுவது ‘வெளையாடிட்டு இருந்தாங்க’. புத்தகத்தில் வருவது அவள் வாயில் வராத தமிழ். ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்கு எழுத்தைத் தட்டுத் தடுமாறி ஒலித்ததும், அட, தெரிந்த சொல்தானே என்று பிடிபடும். நம் பிள்ளை தடுமாறி ஒலித்து முடித்தாலும் அது தெரிந்த சொல்லாக இருக்காது. ஆகவே அவள் எழுத்துத் தமிழைக் காதால் நிறையக் கேட்டிருக்க வேண்டும். போன் வாசித்துக் காட்டுவதில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய நன்மை இதுதான்.

“போனே படிச்சுக் குடுத்துட்டா அவ எப்படா படிப்பா?” என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்தை ஒலியாக்கும் பயிற்சியைப் போனிடம் விட்டுவிடவில்லை. தினமும் இருபது நிமிஷம், மணலில் எழுதிப் பார்ப்பது, சொல்லைத் துண்டாக்கிக் கைதட்டுவது என்று டீச்சர் கொடுத்த வேலை நடக்கிறது, அதில் விடுமுறை கிடையாது. ஆனால் அறிவியல் பாடத்தில் ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவள் அந்தப் பயிற்சி முடியும் வரை காத்திருக்க வேண்டுமா? வாசிப்பு வரும்வரை அறிவை நிறுத்திவைத்தால் நான்கு வருஷத்தில் பிள்ளை எல்லாப் பாடத்திலும் பின்தங்கிவிடும், அப்புறம் அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். அம்மாவுக்கு நான் இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. ஒளிச்சேர்க்கை பாடத்தை அப்பத்தாவுக்குச் சொல்லிக் கொடு என்று பேத்தியையே அனுப்பிவைத்தேன்.

மற்றச் செயலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். கூகுளின் ரீட் அலாங்கில் தியா என்ற பொம்மைப் பெண், பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி பார்த்தாள், தமிழிலும் கதைகள் இருந்தன. யாரும் திட்டாமல் தப்பு விடலாம் என்பதற்காகவே அவளுக்கு அது பிடித்தது. ஆங்கிலத்துக்குச் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தோடு சேர்ந்து உருவான ஆவாஸ் ரீடர் நல்ல துணை. பக்கத்தைப் படம் எடுத்தால் போதும், தெரியாத சொல்லைத் துண்டாக்கிக் காட்டும். டிஸ்லெக்சியாவுக்கென்றே செய்த எழுத்துரு என்று சில விளம்பரப்படுத்தப்படுகின்றன. எழுத்துருவின் வடிவத்தால் மட்டும் வாசிப்பு கூடுவதாக ஆய்வுகளில் வரவில்லை. எழுத்து விற்பவனாகச் சொல்கிறேன், அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

பாடநூலை இப்படி மாற்றி வைத்துக்கொள்வது தப்பில்லையா என்று சக டிடிபி நண்பர் ஒருவர் கேட்டார். 2012-இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் சொந்தமாகப் படிப்பதற்காக நூலை அவர்களுக்கேற்ற வடிவத்தில் மாற்றித் தருவதை அனுமதிக்கிறது. அச்சு நூலை வாசிக்க முடியாதவர்களுக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் நாம்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது இல்லை. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்ற சலுகைகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. சான்றிதழ் வாங்க அலைச்சல் உண்டு. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கிவிடுங்கள்.

அவளுக்கென்று கொடுத்திருப்பது என் பழைய போன். சிம் கிடையாது, வீடியோ செயலிகளை எடுத்துவிட்டேன். பின்னணி சந்தன நிறத்தில், எழுத்து பெரிதாக, குரலின் வேகம் பாதிக்குச் சற்று மேலே. ஆறு மாதத்துக்கு முன்பு வேகத்தை அவளே ஏற்றியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “ரொம்ப இழுக்குதுப்பா” என்றாள்.

இப்போது ஏழாம் வகுப்பு. வாசிப்பு மெதுவாகத்தான் இருக்கிறது. ‘ஔவையார்’ என்று வந்தால் ‘ஒ’வுக்குப் பக்கத்தில் ‘ள’ என்று பிரித்து, “ஒளவையார்” என்று படித்துவிட்டுத் தானே நிறுத்தி, திரும்பிப் போய்ப் பார்க்கிறாள். முன்பு திரும்பிப் போக மாட்டாள், புத்தகத்தை மூடிவிடுவாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் நான் இப்போது வலது ஓரத்தை இழுத்துக் கட்டுவதில்லை. கேட்கிற வாடிக்கையாளர்களிடம் காரணம் சொல்கிறேன், சிலர் தங்கள் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நாளைக்குச் சமூக அறிவியல் பாடம் ஒன்று வேண்டுமாம். பதினொரு பக்கம். படம் எடுத்து எழுத்தாக்கிவிட்டேன். துணைக்காலும் ‘ர’வும் இடம் மாறியிருக்கிற இடங்களைத் திருத்த வேண்டும், நீளமான சொற்களைப் பிரிக்க வேண்டும். அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனோடு, நேற்றைய பாடத்தில் விரலால் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள்.